வெளுத்துப் போன நீலப் பேனா

மூக்கைக் குத்தும் அந்த வாடை... வெளுப்புத் தூளைத் தண்ணீரில் கரைத்தால் வருமே, அதுதான். இப்போதும் யாராவது கிணற்றில் அந்தத் தூளைப் போட்டால் போதும், எனக்கு இருபது வயது ஆகிவிடும். மயிலாப்பூர் வீட்டுப் பின்கட்டில் பானைக்கு முன்னால் உட்கார்ந்து தும்மிக்கொண்டிருப்பேன்.

நான் சிந்தாதிரிப்பேட்டைப் பெண். அப்பா துணிக்குச் சாயம் போடுகிறவர். என்னைக் கட்டிக்கொண்டவரோ மரம் கடைகிறவர். ஒரு பெரிய பட்டறையில் கூலிக்குக் கட்டில் கால் கடைந்துகொண்டிருந்தார். கல்யாணமான மறு வருடம், இனிமேல் சொந்தத் தொழில்தான் என்று வெளியே வந்துவிட்டார். முதலாளி சிரித்தாராம்.

"மூணு மாசத்துல திரும்பி வருவே நைனா. உன் எடத்தை அப்படியே வெச்சிக்கினு கீறேன், போ."

இரண்டரை மாதம் ஓடிவிட்டது. ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். அப்போது வந்தது அந்த ஆர்டர்... பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு நூற்றைம்பது கட்டைப் பேனா. நிப்பைச் செருகி, மையில் தொட்டுத் தொட்டு எழுதுவோமே, அந்தப் பேனா.

பெரிய டீச்சரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எல்லாம் ஒரே அடர் நீலமாக இருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று துளி வித்தியாசம் தெரியக் கூடாது. வசதியான வீட்டுப் பெண் வெள்ளிப் பூண் போட்ட பேனாவை ஆட்டிக் காட்டுகிறதாம். பக்கத்தில் மூங்கில் குச்சியில் எழுதுகிற பெண் கையை மறைத்துக்கொள்கிறதாம்.

அதுவரை எங்கள் வீட்டுக்காரர் அரக்கில்தான் கலர் ஏற்றுவார். மெட்ராஸ் வெயிலில் வியர்த்த கைக்கு அது பிசுபிசுக்கும். "சாயம் என் பொறுப்பு" என்று நான் முன்னால் வந்தேன். அன்றைக்கு எனக்கிருந்த தலைக்கனத்தைச் சொல்லி மாளாது.

கட்டை, வெப்பாலை. தந்தம் மாதிரி வெள்ளையாக இருக்கும். ஆனால் அந்த வருட மழையில் அங்கங்கே சாம்பல் கறை பிடித்திருந்தது. நான் வெளுப்புத் தூளைக் கரைக்க ஆரம்பித்ததும் அவர் வந்து நின்றார்.

"அடர் நீலம்தானே போடப்போறே? இன்னாத்துக்கும்மே வெளுக்கிறே?"

"வெளுக்காம சாயம் போடுவாங்களாய்யா? எங்க வூட்ல கேட்டா சிரிப்பாங்க. நீ உன் உளியைப் பாரு."

அவரும் உளியைப் பார்க்கப் போய்விட்டார்.

ஊறவைத்தேன். கறை போயிற்று. துணிக்குச் செய்வது போலவே இரண்டு தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, நீலத்தில் முக்கி எடுத்தேன். அப்பப்பா, என்ன நிறம்! என் இரண்டு கையும் மணிக்கட்டு வரை நீலம். பூக்காரம்மா பூவை என் கையில் தராமல் முறத்தில் போட்டுவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் காலை கூடையைத் திறந்தேன்.

ஒரு பேனா பாதி நீலம், பாதி சந்தனம். இன்னொன்றில் திட்டுத் திட்டாக வெள்ளை. நூற்றைம்பதும் நூற்றைம்பது விதம்!

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. துணியைக் கல்லில் அடித்துத் துவைத்தால் தூளின் காரம் வெளியே வந்துவிடும். மரத்தை எங்கே அடிப்பது? அது குடித்த காரத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு, மேலே நான் போட்ட சாயத்தைத் தின்றிருக்கிறது.

பேனாக்களைக் கொடுக்க இன்னும் இரண்டே நாள். எனக்குப் பேனா தெரியவில்லை, அந்த முதலாளியின் சிரிப்புதான் தெரிந்தது. கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

அவர் ஒரு பேனாவை எடுத்துக் கடைசல் பொறியில் மாட்டி, மேல்தோலை மட்டும் சீவினார். உள்ளே பழைய கட்டை, பழைய சாம்பல் கறையோடு. காரம் அவ்வளவு ஆழம் போகவில்லை. அதன்மேல் நீலத்தைத் தடவிப் பார்த்தார். அடர் நீலத்தில் கறை இருந்த இடமே தெரியவில்லை!

நான் வெளுத்திருக்கவே வேண்டாம்.

இப்போது சொல்லுவார், இப்போது சொல்லுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சொன்னது ஒன்றுதான்.

"கயிறைப் புடி."

கடைசல் பொறியைச் சுற்ற ஒருவர் கயிறு இழுக்க வேண்டும். அப்போதிலிருந்து விளக்கு வைக்கும் வரை நான் இழுத்தேன், அவர் சீவினார். நிப் செருகும் தகரப் பூண் மாட்டுகிற முனையை மட்டும், பூண் தொளதொளக்கக் கூடாதென்று தொடவில்லை. மறுநாள் சாயம் போட்டு, மெழுகு தேய்த்து முடித்தபோது என் தோள் என்னுடையதாகவே இல்லை. பேனாக்கள் எல்லாம் ஒரே நீலம்தான். ஆனால் பென்சில் போல மெலிந்துவிட்டன.

கூடையோடு டிராம் ஏறினோம். என் நீலக் கையைப் பார்த்துவிட்டு, கண்டக்டர் டிக்கெட்டை அவரிடம் நீட்டினார்.

டீச்சரம்மா ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். "நிறம் சரி. ஏம்ப்பா, இவ்வளவு மெலிசா இருக்கே?"

நான் நீலக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டுக்காரர் அசரவில்லை.

"கொழந்தைங்க வெரலுக்கும்மா."

டீச்சரம்மா வராந்தாவில் போன ஒரு குட்டிப் பெண்ணைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். அது நாக்கைத் துருத்திக்கொண்டு தன் பெயரை எழுதியது. பிறகு பேனாவைத் திருப்பித் தராமல் பாவாடைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. "அடுத்த வருஷமும் இதே மெலிசுதான் வேணும்" என்றார் டீச்சரம்மா.

எங்கள் வீட்டுக்காரர் மறுபடி அந்தப் பெரிய பட்டறைப் படியை மிதிக்கவே இல்லை.

இப்போது எங்கள் பேரன் பிளாஸ்டிக் பேனாவில் எழுதுகிறான். மை தீர்ந்தால் தூக்கிப் போட்டுவிடுகிறான். நல்ல வழவழப்பான பேனாதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காக யாருக்கும் தோள் வலித்திருக்காது.

கணக்குக்கு மிச்சக் கட்டை ஒன்றைச் சேர்த்துவிட்டு, கூடையிலிருந்து ஒரு திட்டுப் பேனாவை அவர் சீவாமல் ஒளித்துவைத்திருந்தது எனக்கு வெகுநாள் தெரியாது. நான் ஏதாவது ஒன்றில் அடம்பிடித்தால் இன்றைக்கும் வாயைத் திறக்க மாட்டார். டிரங்குப் பெட்டியிலிருந்து அதை எடுத்துவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார். போன வாரமும் வைத்தார். இந்தத் தடவை கேட்டேவிட்டேன்.

"அன்னிக்கு ஏன்யா ஒரு வார்த்தை திட்டல?"

"திட்டிட்டா, கயிறை யாரு இழுக்கறதாம்?"

சொல்லிவிட்டு பேனாவைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அதில் இன்னும் கொஞ்சம் நீலம் மிச்சமிருக்கிறது.