எலிசபெத் டீச்சரின் ஏழு

எலிசபெத் டீச்சர் பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. 2001, ஆகஸ்ட் மாதம். காரணம் ஒரு தாள்.

பெங்களூர் நீலசந்திராவில் எங்களுடையது தமிழ் மீடியம் பள்ளி. வருடா வருடம் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்ததால், புதிதாக யார் வாசலில் செருப்பைக் கழற்றினாலும் நாங்கள் எட்டிப் பார்ப்போம். பள்ளியை இழுத்து மூடத்தான் வந்திருக்கிறார்கள் என்று தோன்றும். அப்படிப்பட்ட நேரத்தில்தான் நிர்வாகம் வித்யாலட்சுமி என்ற பெண்ணை எங்களுக்குப் பயிற்சி கொடுக்க அனுப்பியது. அவர் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டார். முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின்னால் என்ன நடந்தது.

"பிள்ளைங்க எதையும் சும்மா செய்யாது. முன்னாடி ஒண்ணு தூண்டிவிடும், பின்னாடி கிடைக்கிறது அதை வளர்க்கும், இல்ல அடக்கும். கண்ணால பாத்ததை மட்டும் எழுதுங்க. மனசுல தோணினதை எழுதாதீங்க" என்றார்.

எலிசபெத் டீச்சர் என் காதைக் கடித்தார். "இது பிள்ளைக்கு வெச்சது இல்லம்மா. நமக்கு வெச்ச பொறி."

அவர் அப்படித்தான். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, ஆசிரியர் பயிற்சி முடித்து இங்கே வந்தவர், இருபத்துநான்கு வருடமாக ஒன்றாம் வகுப்பை விட்டு நகரவில்லை. அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு எண்ணும் எழுத்தும் அவர் போட்ட பிச்சை. ஆனால் யாரையும் நம்ப மாட்டார். சாக்பீஸ் டப்பாவுக்குக்கூடச் சொந்தப் பூட்டு வைத்திருந்தார். சுவருக்கும் காது உண்டு என்பார். அது தலைமையாசிரியரின் காது என்றும் சேர்த்துச் சொல்வார்.

அந்த வருடம் அவர் வகுப்பில் தீபிகா என்று ஒரு சின்னப் பெண் சேர்ந்திருந்தாள். வாயே திறக்க மாட்டாள். பாடம் நடக்கும்போதே திடீரென்று எழுந்து நேராகக் கதவைப் பார்த்து நடப்பாள். டீச்சர் ஸ்கேலால் காலில் ஒன்று வைத்து உட்கார வைப்பார். மறுநாளும் எழுந்து நடப்பாள். மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்று தலைமையாசிரியர் கோதண்டராமன் சொல்லிவிட்டார். அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கான பள்ளி ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. அவள் அம்மா கார்மெண்ட்ஸில் தைப்பவள். டி.சி. கொடுத்தால் பிள்ளை வீட்டுப் பூட்டுக்குள்தான் கிடக்க வேண்டும்.

அதே மூன்று கட்டம் போட்ட தாளை, தீபிகாவுக்காக முதலில் டீச்சரே நிரப்பினார். நடுக் கட்டத்தில் 'திமிர்' என்று ஒரே வார்த்தை. வித்யாலட்சுமி அதைப் படித்துவிட்டு, "திமிர் எந்தப் பக்கமா நடந்து போச்சு டீச்சர்?" என்று கேட்டார். அன்றோடு தாளை நிரப்பும் வேலை பக்கத்து வகுப்புக்காரியான என் தலையில் விழுந்தது.

"உளவு பாக்க உன்னையா அனுப்பினாங்க?" என்றார் எலிசபெத் டீச்சர். அதற்குப் பிறகு பேச்சில்லை.

கணக்குப் பாட வேளையில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எட்டு நாளில் ஒன்பது தடவை தீபிகா எழுந்தாள். ஒன்பது தடவையும் முதல் கட்டத்தில் நான் எழுதியது ஒன்றுதான்: 'டீச்சர் எண்ணுகிறார்: ஐந்து, ஆறு, ஏழு.' வித்யாலட்சுமி ஏழைச் சுற்றி வட்டம் போட்டார். ஏழில் என்ன இருக்கிறது?

ஆளுக்கொரு சந்தேகம். ஏழரைச் சனி என்றார் கோதண்டராமன். பயிற்சிக்காரிதான் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்று எலிசபெத் டீச்சர் ஸ்டாஃப் ரூமில் முணுமுணுத்தார். எனக்கோ லாரி ஓட்டும் அப்பா முனிராஜ் மேல் சந்தேகம். சாயங்காலம் ஏழு மணிக்குக் குடித்துவிட்டு வந்து அடிக்கிறானோ என்னவோ! அந்த ஆளை நான் பார்த்ததுகூடக் கிடையாது.

மாதக் கடைசியில் தீபிகாவின் அம்மா காந்தாவை வரச் சொன்னார்கள். எலிசபெத் டீச்சரும் நானும் தலைமையாசிரியர் அறையில் நின்றோம், டி.சி. மேஜைமேல் தயாராக இருந்தது. வித்யாலட்சுமி இன்னும் ஒரு வாரம் கேட்டார், தலைமையாசிரியர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காந்தா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கன்னடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"தாய்மொழி தமிழ்னு இல்ல எழுதியிருக்கு?" என்றார் கோதண்டராமன்.

"அவங்க அப்பாக்குத் தமிழ் சார். அவரு வண்டியிலயே இருப்பாரு. வீட்ல நானும் இவளும் கன்னடாதான்."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்து, "ஏளு புட்டி, ஹோகோணா" என்றாள். எழுந்திரு கண்ணு, போகலாம் என்று அர்த்தம்.

தீபிகா எழுந்தாள். கைகளை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு நேராகக் கதவைப் பார்த்து நடந்தாள். அந்த நடையை நான் ஒன்பது தடவை பார்த்திருக்கிறேன்.

எலிசபெத் டீச்சரும் பார்த்தார். "தீபிகா, உக்காரு" என்றார். உட்கார்ந்தாள். டீச்சர் மெதுவாக எண்ணினார். "அஞ்சு... ஆறு... ஏளு."

பிள்ளை மறுபடியும் எழுந்து கதவருகே போய் நின்றது.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "நான் ஏளுன்னா சொல்றேன்?"

பதினொரு நாளுக்குப் பிறகு என்னிடம் கேட்ட முதல் கேள்வி. இருபத்துநான்கு வருடமாக அவருக்கு ழ வரவில்லை என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. அவருக்குப் பின்னால் போய்ச் சிரித்திருக்கிறோம், நானும்தான்.

"ஆமா டீச்சர்" என்றேன். வெட்கமாக இருந்தது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையா போச்சே. என் வகுப்புல முப்பத்திரண்டு பிள்ளைங்க. சொன்ன உடனே சொன்னதைச் செஞ்சது இது ஒண்ணுதான். இதைப் போயா..." பிறகு என்னிடமிருந்த தாளைப் பிடுங்கிப் படித்தார். "நீ காதால கேட்டது ஒண்ணு, எழுதினது ஒண்ணு. உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னாங்கல்ல?"

மேஜைமேல் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒன்பது இடத்திலும் ழு-வை அடித்துவிட்டு ளு என்று திருத்தினார். நடுக் கட்டத்தில் 'எழுந்து நடந்தாள்' என்று நான் எழுதியிருந்ததை விட்டுவிட்டார். கடைசிக் கட்டத்தில், அவர் மனம் நோகக் கூடாதென்று, 'டீச்சர் அதட்டி உட்கார வைத்தார்' என்று எழுதியிருந்தேன். ஒன்பது இடத்திலும் 'அதட்டி'யை அடித்துவிட்டு 'அடித்து' என்று எழுதினார்.

"டீச்சர், இது நிர்வாகத்துக்குப் போற தாள்" என்றார் கோதண்டராமன்.

"போகட்டும் சார்." அடியில் தன் பெயரைப் போட்டு, தாளை டி.சி.யின் மேல் வைத்தார்.

தலைமையாசிரியர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு அடியிலிருந்த டி.சி.யை உருவிக் கிழித்தார். தீபிகா இன்னும் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.