காக்கா விரட்டிய சிடி

சிடி, டிவிடியில் இருப்பதை பென்டிரைவில் ஏற்றித் தரும் தொழிலுக்கு கம்ப்யூட்டர் தெரிந்தால் பாதி போதும், மீதி பொறுமை வேண்டும். ராயபுரத்தில் கடை வைத்திருக்கும் எனக்கு அந்த மீதி தீர்ந்து வெகுநாளாயிற்று. இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களே, நீங்களாவது கேளுங்கள்.

மிச்சம் எங்கே?

திருவொற்றியூரில் பைக்கைப் பறிகொடுத்த ஒருவர், கோர்ட்டில் கொடுக்க கேமரா பதிவை டிவிடியில் போடச் சொன்னார். காலி டிஸ்க்கின் உறையில் 4.7 ஜிபி என்றிருக்கும், கம்ப்யூட்டரில் 4.37 என்றுதான் காட்டும். கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்துநாலாக எண்ணுகிறது என்று தொண்டை வறள விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பைக்க ஒருத்தன் தூக்கினு பூட்டான், மிச்ச ஜிபிய நீ தூக்கினியா மாமு?"

பாடாத பாட்டு

காசிமேட்டில் கருவாடு விற்கும் ஸ்டெல்லா அக்கா ஒரு பென்டிரைவோடு வந்தார். ஹார்பரில் வேலை பார்த்த அவர் கணவர் மாதா கோயிலில் பாடியதை யாரோ ஆடியோ சிடியாகப் போட்டுத் தந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முதல் வருஷ நினைவுப் பூசை. வீட்டில் அந்தக் குரல் கேட்க வேண்டும்.

திறந்தால் ஒவ்வொரு பாட்டும் ஒரே ஒரு கேபி. அக்காவின் மருமகன் சிடியைத் திறந்து அப்படியே காப்பி அடித்திருக்கிறார். ஆடியோ சிடியில் அப்படிச் செய்தால் பாட்டு வராது. பாட்டு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற விலாசம் மட்டும்தான் வரும். தலையில் அடித்துக்கொண்டு, சிடி எங்கே என்று கேட்டேன். "அதான் பென்டிரைவ்ல ஏத்தியாச்சேன்னு, காக்கா வராம இருக்க கருவாட்டு மேல கட்டிட்டேன் நைனா."

தோரணம்

மறுநாள், கருவாட்டு மேல் தொங்கிய பழைய சிடிகள் அத்தனையும் கயிற்றோடு வந்தன. எதிலும் பெயர் இல்லை, வெயில் தின்றுவிட்டது. எனக்கு வந்த எரிச்சலில் கடையைச் சாத்திவிட்டுப் போயிருப்பேன்; அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். மீன் செதிலைத் துடைத்துத் துடைத்து ஒவ்வொன்றாகப் போட்டேன். டிரைவ் முனகியதே தவிர ஒன்றும் படிக்கவில்லை.

கடைசிக்கு முந்தினது ஓடியது. சிடியில் பதிவு நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும். ஓரமெல்லாம் உரிந்து போயிருந்ததால் முதல் பாட்டு மட்டும் பிழைத்திருந்தது. ஒரு இருமல், அப்புறம் சுதி சேராத கட்டைக் குரல். முடிந்ததும் நிறுத்தப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்: "உசுரோட இருக்கசொல்ல வாய மூடுய்யான்னு தெனம் கத்துவேன். இப்ப நிறுத்தாத நைனா, திரும்பப் பாடட்டும்."

மொத்தத்தில், டிஸ்க்கை நாசமாக்க ஊருக்கே ஆயிரம் வழி தெரிந்திருக்கிறது, மீட்பதற்கு மட்டும் நானும் இந்தக் கிழட்டு டிரைவும்தான் கிடைத்தோம்.