பள்ளத்துப் பக்கம் நடப்பவர்

ரொட்டி மட்டும் இருக்கிறது, சம்பலைக் காணோம் என்று அன்று காலை என் வீட்டுக்காரரிடம் சிடுசிடுத்தேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"தட்டுலதானே இருக்கு?"

தட்டை அரைவட்டம் சுற்றி வைத்தார். சம்பல் இருந்தது. நோய் அப்படித்தான் தலைகாட்டியது.

பதுளை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு, பக்கவாதம் (இரத்தக்குழாய் அடைபட்டு மூளையின் ஒரு பகுதி செயலிழப்பது) என்றார்கள். கைகால் தப்பியது. இரண்டு கண்ணிலும் இடப்பக்கப் பார்வை போய்விட்டது.

அங்கே வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து டொக்டர் பொறுமையாகச் சொன்னார்: "கண்ணில பிழை இல்லை அம்மா. மூளைதான் இடப்பக்கத்தை எடுக்குதில்லை. தலையைத் திருப்பிப் பாக்கப் பழகுங்கோ. தெரிஞ்ச றோட்டில, ஆரையாவது துணைக்கு வச்சுக்கொண்டு நடவுங்கோ."

தெரிந்த ரோடு என்றால் நாங்கள் இருக்கும் லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) கோயில் வளைவு வரை. பிள்ளை மடுவத்துக்கு (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) வேலைக்கு ஓடிய பாதை. ஓரத்தில் என்ன முளைத்திருக்கிறது என்று அப்போது நின்று பார்த்ததில்லை. இப்போது போகும்போது வலப்பக்க மண்மேடுதான் எனக்கு மிச்சம். உண்ணிச்செடி, தொட்டாற்சுருங்கி, தண்ணீர் ஓடும் இடத்தில் வல்லாரை. ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே போகிறேன்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்கு நாலு எட்டு முன்னால் நடக்கிறவர். நோய் வந்த பிறகுதான் பக்கத்தில் வந்தார். அதுவும் நான் விழுந்துவிடக் கூடாதென்று பள்ளத்துப் பக்கம். போகும்போது பள்ளம் எனக்கு இடப்பக்கம். இத்தனை வருடம் கழித்துப் பக்கத்தில் வந்த மனுஷனைப் பார்க்க முடியவில்லை. செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். அழுகையாக வரும். தலையைத் திருப்பினால் கால் தடுமாறும்.

"இந்தப் பக்கம் வாங்களேன்."

"அது மேடு. மேட்டுல விழுந்து யாரு செத்தா? ரோட்டப் பாத்து நட."

கோயில் வளைவில் வீட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டால் பள்ளம் வலப்பக்கம் வந்துவிடும். கீழே வயல், மஞ்சளாய்க் காட்டுச் சூரியகாந்தி, அதற்கு முன்னால் அவர். நடக்கும்போது அவர் உதடு சத்தமில்லாமல் எதையோ பாடிக்கொண்டே வரும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. முதுகைத்தானே பார்த்திருக்கிறேன். வளைவு சீக்கிரம் வராதா, வீடு இன்னும் தள்ளிப் போகாதா என்றிருக்கும்.

இதே நோயோடு இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். போன பார்வை எனக்குத் திரும்பவில்லை. தலையைத் திருப்பப் பழகிவிட்டது, அவ்வளவுதான். போன வாரம் கிளினிக்கில், இனித் தனியாக நடக்கலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் அவர் கேட்டார். "அப்ப நாளையிலருந்து தனியா போயிக்குவியா?"

"இன்னும் பயமா இருக்குங்க" என்றேன்.

பயம் போய் மாதக்கணக்காகிறது.