"எப்ப?" என்று கேட்ட மஜீத் மாமா

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மஜீத் மாமா மௌத்தான செய்தியைச் சொன்னார்கள். நான் தேத்தண்ணி ஊற்றி முடிப்பதற்குள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் 'பழக இனியவர்', 'எல்லோருக்கும் வேண்டியவர்' என்று இரங்கல் எழுதி வரிசை கட்டிவிட்டார்கள். நேற்றுவரை 'சோத்துக்கு அலையிற மனுசன்' என்று சிரித்த அதே ஆட்கள். சீ.

மாமா கல்முனை பஸ் டிப்போவில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். எங்கள் ஊரில் யாரைக் கண்டாலும் "ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போவது பழக்கம். அது சும்மா என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். மாமா மட்டும் நின்று, "எப்ப?" என்று கேட்பார்கள்.

ஒருமுறை துணிக்கடை முதலாளி ஒருவர் கல்யாண வீட்டில் நாலு பேருக்கு முன்னால் பெருமையாக அழைத்தார். மாமா "எப்ப?" என்றதும் திணறிப்போய் வெள்ளிக்கிழமை என்றார். மாமாவும் மாமியும் போனார்கள். கதவு பூட்டிக் கிடந்தது. உள்ளே டீவி சத்தம் கேட்டதாம். ஒளிந்திருந்தவருக்கு ஒரு குறையுமில்லை, நம்பிப் போனவருக்குத்தான் இந்த ஊர் பட்டம் கட்டியது.

நான் கணவரை விட்டுப் பிரிந்த வருடம், இதே ஊருக்கு என் வாசல் மறந்துபோனது. நோன்புப் பெருநாளைக்கு யார் வரப்போகிறார்கள் என்று என் மகள் புது உடுப்பைத் தொடவேயில்லை. பெருநாளுக்கு முதல் நாள் கடைத்தெருவில் மாமாவைக் கண்டபோது, நானும் வாய்ப்பழக்கத்தில் வாங்க என்றுதான் சொன்னேன்.

"எப்ப?"

நாளைக்கு லுஹர் தொழுகைக்குப் பிறகு என்றேன்.

மாமியோடு வந்தார்கள். உள்ளே இருக்கச் சொன்னால், கதிரையை இழுத்து ரோட்டைப் பார்த்தபடி விறாந்தையில் போட்டுக்கொண்டார்கள். "இங்க இருந்தாத்தான் போறவனுக்கெல்லாம் தெரியும், புள்ள" என்றார்கள். வட்டிலப்பத்தை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் இருந்தார்கள். மகள் ஓடிப்போய்ப் புது உடுப்பை உடுத்திக்கொண்டு வந்தாள்.

இன்று மையத்து வீட்டில் அந்த முதலாளியின் மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். எத்தனை தரம் கூப்பிட்டோம், அவர்தான் வரவேயில்லையாம். கேட்டுக்கொண்டிருந்தவர்களும் கூச்சமில்லாமல் தலையாட்டினார்கள். எழும்பிப் போகும்போது என் கையைப் பிடித்து, "நீங்களாச்சும் ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வாங்க, டீச்சர்" என்றார்.

"எப்ப?" என்றேன்.

கையை விட்டுவிட்டுச் செருப்பைத் தேடினார்.

மாமா, அல்லாஹ் உங்களைச் சுவனத்துக்குக் கூப்பிடுவான். நம்பிப் போங்கள். அந்தக் கதவு பூட்டியிருக்காது.