நான்காவது தவறுக்கு அப்பால்

இல்லை, எனக்கு முன்பே தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை. எதிரே ஏழு வயதுக் குழந்தை. ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. மேசை இழுப்பறைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. சோதனைக்கு நடுவில் எழுந்திருக்கக் கூடாது, முகம் மாறக்கூடக் கூடாது. குழந்தை அதைத் தன் பதிலுக்கான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும். மறுபடி அதிர்ந்தது. மரத்தின் வழியாக என் முழங்கையில் ஏறியது. ஆறு முறை. நான் புன்னகையை அப்படியே வைத்துக்கொண்டு அடுத்த அட்டையைத் திருப்பினேன். வெளியே வரவேற்பு மேசையில் தேவகி அக்கா இன்னும் வரவில்லை என்பது மட்டும் மனதின் ஒரு மூலையில் இருந்தது.

அழைத்தது அவருடைய தம்பி சேகர்.

"அக்கா பூட்ச்சு மேடம். பல்லு வெளக்கினு இருந்துச்சு. அப்டியே சாஞ்சுடுச்சு."

தலைக்குள் கட்டி. தை மாதமே ஸ்கேன் எடுத்திருக்கிறார். பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருந்ததாம் அந்த உறை.

"எங்களாண்ட ஒரு வார்த்த சொல்லல மேடம். உங்களாண்டயாவது சொல்லுச்சா?"

சொல்லவில்லை. குழந்தைகளின் அறிவை அளப்பது என் தொழில். பக்கத்து மேசையில் நடந்துகொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

அவரைப் போன்ற ஒருவரை நீங்களும் அறிவீர்கள். கோபாலபுரத்தில் பழைய பங்களா ஒன்றின் மாடியில் எங்கள் மையம். படிப்பு வரவில்லை என்று பள்ளிகள் அனுப்பும் குழந்தைகள் அங்கே படியேறி வருவார்கள். ஏறியதும் முதலில் தெரியும் முகம் அவருடையது. பன்னிரண்டு ஆண்டுகள். பெயரைக் குறித்துக்கொள்வது, அழும் அம்மாக்களுக்குத் தேநீர் கொடுப்பது, சோதனைப் பெட்டிகளைத் துடைத்து அடுக்குவது, என் கிறுக்கலைப் படித்து அறிக்கையாகத் தட்டச்சு செய்வது. பிறந்தது சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்தை ஒட்டிய சந்து. பி.ஏ.வில் இரண்டு தாள்கள் நின்றுபோயின, கடைசி வரை எழுதவில்லை. நான் உளவியலில் தங்கப்பதக்கம். என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர் என்னை மேடம் என்பார். அவரை அக்கா என்பேன். கையெழுத்துப் போடுவது நான்.

ஒருமுறை மயிலாப்பூரிலிருந்து ஒருவர் தன் இரண்டு மகன்களோடு வந்தார். மூத்தவன் வகுப்பில் முதலிடம். இளையவனுக்குத்தான் சோதனை.

"ஆத்துல ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே டியூஷன் மேடம். பெரியவன் கணக்கைப் பார்க்கறதுக்கு முன்னாடியே போட்டுண்டு போயிடறான். இவன் பராக்குப் பாத்துண்டு ஒக்காந்திருக்கான். ஒரே வயிறு, ஒரே வீடு. எப்படி?"

நான் பதிலுக்கு மூச்சை இழுத்தேன். தேநீரோடு வந்த தேவகி அக்கா முந்திக்கொண்டார்.

"ஒரே வூடுன்னு யாரு சார் சொன்னது? பெர்யவன் வளந்த வூட்ல அவன் ஒருத்தன்தான் இருந்தான். சின்னவன் வளந்த வூட்ல பெர்யவன் இருந்தான்."

வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். நான் சொல்லியிருந்தால் நான்கு பத்தி ஆகியிருக்கும்.

மதிய உணவின்போது கேட்டேன். அப்படியென்றால் பிறப்பில் ஒன்றும் இல்லை என்கிறீர்களா?

"யாரு சொன்னா? பொறப்பும் கீது மேடம். இல்லன்றவங்க ஒத்தப் புள்ளயோட நிறுத்திக்கினவங்க."

தன் படிப்பைப் பற்றியும் அதே குரலில்தான் பேசுவார். "பரிட்சைக்குப் படிக்க ஒக்கார எடம் வேணும்ல? எங்க வூட்ல ஏழு பேருக்கு ஒரு எடம்." நான் அனுதாபமாகத் தலையசைத்ததும் சிரித்துவிட்டார். "சேகரும் அதே எடத்துலதான் மேடம் ஒக்காந்தான். பி.காம் பாஸு. இப்ப இன்னா சொல்வ?"

மேடத்தை ஒருமையில் கேட்டதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். 

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. நான் வருவதற்கு முன் சோதனைப் பெட்டியில் இருக்கும் ஒன்பது சிவப்பு வெள்ளைக் கட்டைகளையும் மேசையில் கொட்டி, அட்டையில் இருக்கும் கடைசிக் கோலத்தை, ஆகக் கடினமானதை, ஒருமுறை சேர்த்துப் பார்ப்பார். கட்டை எதுவும் தொலையவில்லை என்று சரிபார்க்கத்தான் என்பார். பக்கத்தில் ஸ்டாப்வாட்ச் ஓடுவது எதற்கு என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் அவர் செய்ததை வாசலில் நின்று பார்த்தேன். கை யோசிக்கவே இல்லை. அன்று மாலை எல்லோரும் போன பிறகு நானும் முயன்றேன். அவரைவிடப் பதினோரு விநாடி கூடுதல். யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. கேள்விகள் எளியதில் தொடங்கிக் கடினத்துக்கு ஏறும். ஒரு பகுதியில் தொடர்ந்து நான்கு தவறு வந்தால் அந்தப் பகுதியை நிறுத்திவிட வேண்டும். மேலே கேட்டால் குழந்தை மேலும் மேலும் தோற்கும், அது கொடுமை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இரக்கத்தால் உண்டான விதி. நானும் அப்படித்தான் நம்பினேன். ஐந்தாவது கேள்விக்கு அந்தக் குழந்தை என்ன சொல்லியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

மாசியில் ஒரு சிறுமி வந்தாள். ஒன்பது வயது. பவித்ரா என்று வைத்துக்கொள்வோம், அது அவள் பெயரில்லை. கூவம் ஆற்றோரத்தில் இருந்த குடும்பத்தை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். அம்மா இன்னும் கோபாலபுரத்தில் வீட்டுவேலை பார்த்ததால் மகளும் இங்கேயே ஒரு சிறிய பள்ளியில் படித்தாள். தினமும் இரண்டு பேருந்து. பள்ளி எங்களிடம் அவளுடைய அறிவுத்திறனுக்கு ஓர் எண்ணைக் கேட்டது. அது பள்ளி போட்டிருந்த கோட்டுக்குக் கீழே இருந்தால் ஜூனில் அவளுக்கு ஐந்தாம் வகுப்பில் இடமில்லை.

நடைமுறை அறிவுப் பகுதி. தெருவில் யாரோ விட்டுப்போன பையைக் கண்டால் என்ன செய்வாய்?

"தொடமாட்டேன்."

ஏன்?

"தொட்டா நாந்தான் எடுத்தேன்னுவாங்க."

எங்கள் விடைப்பட்டியலில் அந்தப் பதில் இல்லை. பூஜ்யம். கடையில் நீ கேட்ட பொருள் இல்லையென்றால்?

"வந்துடுவேன்."

பூஜ்யம். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தினேன். "நல்லா செஞ்சேம்மா," என்றேன். அதையும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை, நான் மூடிய பெட்டியைப் பார்த்தாள்.

பள்ளியோடு தொலைபேசியில் பேசிவிட்டு வந்தபோது தேவகி அக்கா தண்ணீர் வடிகட்டி பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே பவித்ரா. நடுவில் என் கேள்வித்தாள்.

"மேடம், நீங்க நிறுத்தினதுக்கு அப்பால இது சொல்லுது."

"எதை?"

"அஞ்சாவது தெர்ல. ஆறாவது கரெக்டு. ஏழு, எட்டு கரெக்டு. சின்னது தப்பாப் பூடுது, பெருசு சொல்லுது."

அப்போது நான் ஒன்று கேட்டேன். "நீங்க ஏதாவது எடுத்துக் கொடுத்தீங்களா அக்கா?"

அவர் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

"நா இன்னா மேடம் எடுத்துக் குடுக்கறது? எனக்கே ரெண்டு பேப்பர் நிக்குது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பென்சிலால் எழுதிய ஒரு தாளை என் மேசையில் வைத்தார். ரெண்டு நாள் பொறுத்து அனுப்பலாம், இன்னொரு முறை நீங்களே கேட்டுப் பாருங்கள் என்றார். ரூல் இருக்கே அக்கா என்றேன்.

"ரூல் கீது. பொண்ணும் கீதே மேடம்."

தாளைக் கோப்பின் கடைசியில் செருகினேன். தகுதியில்லாதவர் எடுத்த சோதனை. மறுநாள் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பவித்ராவின் அம்மா அறிக்கையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "மூள கம்மின்னு போட்டுக்கீதா மேடம்?" நான் ஏதேதோ சொன்னேன். அதில் ஆமாம் என்ற சொல் இல்லை, இல்லை என்ற சொல்லும் இல்லை. அதன் பிறகு தேவகி அக்கா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என்னோடு வழக்கம்போலவே இருந்தார். அதுதான் பயமாக இருந்தது.

அவர் மேசையைக் காலிசெய்யும் வேலை எனக்கு வந்தது. கீழ் இழுப்பறையில் நீளவாக்கில் ஒரு கோடு போட்ட நோட்டு. தேதி, பக்கத்தில் விநாடி. ஒவ்வொரு காலையும். வருடக்கணக்காக அதே எண்கள், இரண்டு மூன்று விநாடி ஏறும், இறங்கும். தீபாவளிக்குப் பிறகு ஏறுகிறது. ஏறுகிறது. இறங்கவில்லை. மார்கழியில் ஒரு நாள் எண்ணுக்குப் பதில் சின்னதாக ஒரு படம்: ஒன்பது கட்டங்கள், இடது மூலைக் கட்டை மட்டும் திரும்பியிருக்கிறது. அந்தத் தவறு மூளையில் கோளாறைக் காட்டலாம் என்று அறிக்கைகளில் எத்தனை முறை தட்டச்சு செய்திருப்பார்! தை மாதத்தில் அவரை ஸ்கேனுக்கு அனுப்பியது மருத்துவர் அல்ல. இந்த நோட்டுதான்.

பிறகு 'முடியல' என்று எழுதியிருக்கிறது. மறுநாளும் முடியல. மறுநாளும். மறுநாளும். நான்கு. விதிப்படி அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஐந்தாம் நாள் காலையும் கட்டைகளைக் கொட்டியிருக்கிறார். எண் இருக்கிறது. இரண்டு மடங்கு நேரம். ஆனால் முடித்திருக்கிறார்.

பவித்ரா வந்த தேதியைத் தேடினேன். தேடாமல் இருந்திருக்கலாம். அந்தத் தேதியில் 'முடியல'. அதற்கு முந்தைய நாளும்.

நோட்டை மூடினேன். கோப்பிலிருந்து பென்சில் தாளை எடுத்தேன். எழுத்து வலதுபக்கம் சரிந்து சரிந்து கீழே இறங்கியிருந்தது. எட்டாவது கேள்வி: ஊருக்கு எதற்குச் சட்டம்? அதன் கீழே பதில், சொன்னது சொன்னபடி:

"சட்டம் இல்லாங்காட்டி ஆளாளுக்கு அட்ச்சுப்பாங்க. சட்டம் இருந்தா ஒருத்தரு மட்டும்தான் அடிப்பாரு."

முழு மதிப்பெண். நானும் போட்டிருப்பேன். ஆனால் இதைச் சொன்னது யார்? நான் நிறுத்திய பிறகும் உள்ளே பதில்களோடு உட்கார்ந்திருந்த ஒன்பது வயதுப் பெண்ணா? அல்லது, கட்டைகள் கையில் நழுவத் தொடங்கிவிட்ட ஒருத்தி, எது தன் குரல், எது எதிரே இருப்பவளின் குரல் என்று பிரிக்க முடியாமல் எழுதியதா? இந்த வாக்கியம் தேவகி அக்கா பேசுவதுபோலவே இருக்கிறது. அந்தக் கூவத்தோரத்தில் பிறந்த யார் பேசினாலும் இப்படித்தான் இருக்கும் என்பதும் உண்மை. இரண்டு நாள் பொறுத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நீங்களே கேட்டுப் பாருங்கள் என்றார். தன் கணக்கை நம்பவேண்டாம் என்று அதற்கு மேல் ஒருவர் எப்படிச் சொல்வார்?

அறிவு ஏன் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்று வரும் பெற்றோர் எல்லோரும் கேட்கிறார்கள். பிறப்பு, வீடு, உணவு, பள்ளி, பேச்சு என்று நான் வரிசையாகச் சொல்வேன். எல்லாம் சரி. நான் அந்த வரிசையில் ஒருநாளும் என்னைச் சேர்த்ததில்லை.

சேகர் கேட்டார், நினைவுக்கு என்ன வேண்டும் மேடம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று. நோட்டைக் குடும்பத்திடம் கொடுத்தேன். ஒரு கட்டைவிரல் நீளப் பென்சிலை வைத்துக்கொண்டேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை அந்தப் பென்சிலும், நான் கேட்ட அந்தக் கேள்விக்கு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்த விதமும்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு எழுதினேன்: என் கையெழுத்துள்ள அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன், அதை வைத்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம். பதில் இன்னும் வரவில்லை. ஜூன் நெருங்குகிறது.

ஞாயிறு காலை இரண்டு பேருந்து மாறிப் போனேன். ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக்கொள்ளவில்லை. நான்காவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. பவித்ராவின் அம்மா கதவைப் பாதி திறந்தார்.

"இன்னா மேடம்? இன்னும் இன்னா பாக்கி?"

அவருக்குப் பின்னால் பவித்ரா நின்றிருந்தாள். என் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். நான் வாசலிலேயே தரையில் உட்கார்ந்தேன். பென்சிலை எடுத்தேன். ஐந்தாவது கேள்வியிலிருந்து கேட்கத் தொடங்கினேன்.