ஆம்பூர் யுத்த தினமும் யூசுப் பாயின் தினமும்

1931-ஆம் வருஷம் ஆகஸ்டு இரண்டாம் தேதி காலையில் சென்னை சென்ட்ரலில் பாசஞ்சர் வண்டி ஏறினேன். ஆம்பூர் நூற்றுப் பன்னிரண்டு மைல். மூன்றாம் வகுப்புக்கு ஒன்றே முக்கால் ரூபாய். பெரியமேட்டுத் தோல் மண்டியில் சரக்குப் பார்த்து வாங்குவது என் உத்தியோகம். அதனால் ஆம்பூரும் வாணியம்பாடியும் எனக்குப் புதிய ஊர்கள் அல்ல. ஆனால் இந்தத் தடவை போனது சரக்குக்காக இல்லை. பழைய சண்டைகள் நடந்த இடங்களுக்கு அந்தந்தத் தேதியிலேயே போய்ப் பார்த்து ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுதும் பைத்தியம் எனக்கு உண்டு. “ஊரார் திதிக்கெல்லாம் ரயில் ஏறிப் போறீங்களே” என்று என் மனைவி சொல்வாள். அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகிறேன்.

போன மாதம் பத்தாம் தேதி வேலூர்க் கோட்டைக்குப் போயிருந்தேன். 1806-இல் அதே தேதியில்தான் சிப்பாய்கள் எழுந்தார்கள். அன்று செத்த வெள்ளைக்காரர்களுக்குச் சமாதி இருக்கிறது. நம் சிப்பாய்களை எங்கே புதைத்தார்கள் என்று கேட்டால், அகழியோரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஊரையே கையால் சுற்றிக் காட்டினார். அந்தக் கட்டுரை நன்றாக வந்தது. அந்தத் தைரியத்தில்தான் இந்தப் பயணம்.

ஆம்பூரில் எப்போதும் நான் தங்குவது காதர் பாய் வீட்டில். தோல் பதனிடும் சின்ன ஷாப் வைத்திருப்பவர், நல்ல மனிதர், சரக்கு விலை பேசும்போது மட்டும் நல்ல மனிதர் இல்லை. ஸ்டேஷனில் இறங்கியதும் சுண்ணாம்புக் குழி வாடையும் ஆவாரம்பட்டை வாடையும் சேர்ந்து மூக்கைப் பிடித்தன. புதியவர்கள் துணியால் மூக்கை மூடிக்கொள்வார்கள். எனக்குப் பசி எடுத்தது. இந்த வாடை வந்தால் பின்னாலேயே காதர் பாய் வீட்டுச் சாப்பாடு உண்டு.

மூன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு ஜட்கா பிடித்து மலையடிவாரத்துக்குப் போனேன். போக வர ஆறணா.

“இன்னா பாக்கப் போறீங்க அங்க?” என்றார் ஜட்காக்காரர்.

“நவாபு செத்த எடம்.”

“எந்த நவாபு? ஆடுதான் மேயுது அங்க.”

அவர் சொன்னது சரி. ஆடுகள்தான் மேய்ந்தன. 1749-இல் கிழ நவாபு யானை மேலிருந்தபடியே குண்டடிபட்டுச் செத்த சண்டைக்கு ஒரு கல்கூடக் கண்ணில் படவில்லை. புத்தகங்களில் அதற்குத் தேதி மட்டும் இரண்டு இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் கணக்கில் ஆகஸ்டு மூன்று. பழைய இங்கிலீஷ் புத்தகங்களில் ஜூலை இருபத்து மூன்று. இங்கிலீஷ்காரர் காலண்டர் அப்போது பதினொரு நாள் பின்தங்கியிருந்ததால் வந்த வினை. வெயில் ஏறும்வரை நின்றேன். எழுத ஒன்றும் கிடைக்காமல் திரும்பினேன்.

மத்தியானம் சாப்பிடும்போது இந்த இரண்டு தேதிக் கதையைக் காதர் பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து அவர் தங்கை ஹலீமா பீயின் குரல் வந்தது. அந்த வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன். அந்த அம்மாள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

“அண்ணே, எப்பவோ செத்த நவாபுக்கு நாள் கண்டுபுடிக்கிறீங்க. எங்க வூட்டுக்காரருக்கு ஒரு நாள் கண்டுபுடிச்சுக் குடுங்க.”

காதர் பாய் விவரம் சொன்னார். ஹலீமா பீயின் புருஷன் யூசுப் சேணம் தைக்கிறவர். ஜெர்மன் சண்டையின்போது கோவேறு கழுதைப் பட்டாளத்தோடு பஸ்ராப் பக்கம் போனவர், 1916 கோடையில் இறந்துபோனார். சர்க்காரிடமிருந்து செய்தி வந்தது. எந்த நாள் என்று வரவில்லை. செத்தவருக்கு வருஷா வருஷம் பிறைக் கணக்குப்படி அந்த நாளில் பாத்திஹா ஓத வேண்டும். நாள் தெரியாததால், செய்தி வந்த நாளிலேயே ஓதி வருகிறார்கள்.

“கூட இருந்தவங்க யாரும் இல்லையா?”

“முனுசாமின்னு ஒருத்தர், கழுதை ஓட்டினவர். இப்ப ஜோலார்பேட்டைல ரயில்வே பாயிண்ட்ஸ்மேன். சண்டை முடிஞ்சு வந்தப்ப மச்சானோட குத்தூசியைக் கொண்டாந்து குடுத்தார். நாள் நெனப்பு இல்லைன்னுட்டார். அப்புறம் இந்தப் பக்கமே வரல. இருபது மைல்தான், பாருங்க.”

நாலாம் தேதி காலை வண்டியில் ஜோலார்பேட்டைக்குப் போனேன். ஐந்தணா. பெங்களூர்ப் பாதை பிரிகிற ஜங்ஷன். ஊரே கரிப்புகையும் நீல உடுப்பும். முனுசாமி வேலை முடிந்து ஸ்டேஷனுக்கு வெளியே காபிக் கடையில் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். யூசுப் பெயரைச் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“நாளெல்லாம் தெரியாதுங்கய்யா.”

“போகட்டும். அந்த அம்மா செய்தி வந்த நாளில் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். தப்பான நாள் என்று தெரிந்தேதான் ஓதுகிறார்கள்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பத்தடி வந்திருப்பேன், பின்னாலேயே வந்தார்.

“நாள் தப்பினா அவருக்குப் போய்ச் சேராதுங்களே” என்றார்.

தண்டவாள வேலியோரம் நின்றுகொண்டு சொன்னார். ஆற்றங்கரையில் படகிலிருந்து கழுதைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். யூசுப் உட்கார்ந்து சேணத்து வயிற்றுவார் தைத்துக்கொண்டிருந்தார். அக்கரையிலிருந்து யாரோ சுட்டார்கள். மார்பில் பட்டது.

“தண்ணி கேக்கலங்க அவரு. வாய் மட்டும் அசஞ்சுது. நானாதான் ஊத்தினேன். அப்புறந்தான் நெனப்பு வந்துது, அவரு நோன்புல இருக்கார்னு. பொழுது சாயல இன்னும். அன்னிக்குச் சாயந்திரமே பொறை தெரிஞ்சுது. மறுநாள் பெருநாளுன்னு மத்த பாய்ங்க எல்லாம் கட்டிப்புடிச்சு அழுதாங்க. மாசம் பூரா காத்த நோன்பு. கடைசி நாள்ல கெடுத்துட்டேன்.”

“அதனால்தான் சொல்லவில்லையா?”

“நாளைச் சொன்னா நோன்புன்னு தெரிஞ்சுடும். நோன்புன்னா, தண்ணி குடுத்தியான்னு கேப்பாங்க. பொய் சொல்ல வராதுங்க எனக்கு.”

நாள் எனக்குக் கிடைத்துவிட்டது. நானே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் இவர் சொல்ல வேண்டியதை நான் சொல்வது சரியாகப் படவில்லை. கூட வரச் சொல்லிவிட்டு, அன்றிரவு ஸ்டேஷனிலேயே படுத்துக்கொண்டேன். இரவெல்லாம் யோசித்தாரோ என்னவோ, ஐந்தாம் தேதி அவருக்கு ஓய்வு நாள், சலவைச் சட்டையோடு பிளாட்பாரத்துக்கு வந்து நின்றார். வண்டியில் கதவோரமே நின்றுகொண்டு வந்தார். வாணியம்பாடியில் இறங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

காதர் பாய் நாற்காலியை இழுத்துப் போட்டார். முனுசாமி உட்காரவில்லை; வாசல்படியருகே நின்றபடியே, திரையைப் பார்த்து, என்னிடம் சொன்னதையெல்லாம் சொன்னார்.

“பட்டாளத்துல இருக்கிறவனுக்கு நோன்பு விட அனுமதி உண்டு. அடிபட்டவனுக்குத் தண்ணி குடுத்தது குத்தமே இல்ல” என்று காதர் பாய் ஆரம்பித்தார்.

“நீங்க சும்மா இருங்க அண்ணே” என்றார் ஹலீமா பீ. பிறகு, “முழுங்கினாரா?” என்று கேட்டார்.

“முழுங்கினாரும்மா. ரெண்டு வாய்.”

“உள்ள போச்சா?”

“போச்சும்மா. நான் பாத்தேன்.”

அப்போதுதான் அந்த அம்மாள் அழுதார்.

“அந்த மணல்ல நாக்கு வறண்டு போயிருப்பாரோன்னுதான் எனக்கு. ஒவ்வொரு நோன்புலயும் பொழுது சாஞ்சு தண்ணியை எடுத்தா, தொண்டைல எறங்காது” என்றார்.

எனக்கும் கண் கலங்கிவிட்டது. சண்டைகளைப் பற்றி இத்தனை கட்டுரை எழுதியிருக்கிறேன். செத்தவர்கள் தண்ணீர் குடித்தார்களா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

சாப்பிடாமல் விட மாட்டோம் என்று இருவரையும் உட்கார வைத்தார்கள். நான்கு மணி வண்டிக்கு நாங்கள் எழுந்தபோது திரைக்குப் பின்னாலிருந்து மறுபடி குரல் வந்தது.

“முனுசாமிண்ணே, இனிமே பெருநாளுக்கு முந்தின நாள்தான் அவருக்கு. சாயந்திரம் நோன்பு தொறக்கிறதுக்கு முன்னாடி நீங்க வந்துடணும். எல்லாருக்கும் மொதத் தண்ணி நீங்கதான் குடுக்கணும்.”

முனுசாமி துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“நானாம்மா? நாங்க இன்னா ஜாதின்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? என் கையால குடுத்தா குடிப்பாங்களா எல்லாரும்?”

“எங்க வூட்டுக்காரரு குடிச்சார் இல்ல?”

முனுசாமி தலையை மட்டும் ஆட்டினார். திரைக்கு அந்தப் பக்கம் அது தெரியாதே என்று, “வர்றாராம், அம்மா” என்று நான்தான் சொன்னேன்.