கயிற்றில் கட்டாத சிவப்புத் துணி

சாந்தோம் சர்ச் தாண்டியதும் என் கார் மூச்சை விட்டுவிட்டது. மனைவியின் தம்பி தன் காரையும் ஒரு கயிற்றையும் எடுத்துக்கொண்டு வந்தான். இரண்டு வண்டியையும் பிணைத்து, முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, கயிறு மற்றவர்கள் கண்ணில் படுவதற்காக அதன் நடுவில் கட்டச் சொல்லி என்னிடம் ஒரு சிவப்பு ரவிக்கைத் துணியைக் கொடுத்தான். வெற்றிலை பாக்கோடு ஏழெட்டு வீடு சுற்றி வந்த துணி. தைத்துப் போட்டுக்கொள்ள யாருக்கும் மனம் வராத சிவப்பு.

கட்டுவதென்றால் குனிய வேண்டும். எனக்கும் என் கால்விரல்களுக்கும் நடுவே தொப்பை குடிவந்து பல வருடமாகிறது. துணி சட்டைப் பைக்குள் போயிற்று.

"அத்திம்பேர், துணி கட்டிட்டேளா?"

"பேஷா கட்டியாச்சு. நீ போ."

மயிலாப்பூர்தானே, பத்து நிமிஷம். நடுவில் யார் வரப்போகிறார்கள்?

சிக்னலில் நின்றோம். கயிறு தொய்ந்து தரையில் கிடந்தது. தலையில் மீன்கூடையோடு ஓர் அம்மாள் இரண்டு கார்களுக்கும் நடுவே புகுந்தாள். விளக்கு பச்சையானது. முன் கார் நகர, கயிறு விறைத்தெழுந்து அவள் காலை வாரியது. நான் கத்துவதற்குள் ரோடெங்கும் சங்கரா மீன்.

முழங்காலில் ரத்தம். எழுந்து உட்கார்ந்தவள், முன் காரிலிருந்து ஓடிவந்த மச்சினனைத்தான் பிடித்தாள்.

"இன்னா நைனா, கயித்த கட்டி இஸ்துகினு போறியே, ஒரு துணி கட்டக் கூடாது? கண்ணு பொடனியிலயா கீது?"

"கட்டியிருந்தோம்மா. அத்திம்பேரே கட்டினார். அவுந்து விழுந்திருக்கும்."

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான். அவ்வளவு நம்பிக்கை. நான் மும்முரமாக மீன் பொறுக்கினேன். பிறந்ததிலிருந்து மீனைத் தொடாத கை. அன்றைக்கு அதைவிட அசுத்தமாக அந்தக் கைதான் இருந்தது.

"மீன உடுய்யா. காலு சுத்த துணி கீதா?"

மச்சினன் பையைத் துழாவினான், கைக்குட்டை இல்லை. ரத்தம் பாதம்வரை இறங்கிவிட்டது. என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. எடுத்து நீட்டினேன்.

மடிப்புக்கூடக் கலையாத அந்தச் சிவப்பை இருவரும் பார்த்தார்கள்.

அவள் பல்லால் கடித்துத் துணியை இரண்டாகக் கிழித்தாள். ஒன்றை முழங்காலில் சுற்றிக்கொண்டு, மற்றதை என் மேல் எறிந்தாள்.

"இந்தா பெருசு. இப்பவாச்சும் கட்டு."

குனிந்தேன். கட்டினேன். தொப்பை ஒன்றும் வெடித்துவிடவில்லை.

டாக்டரிடம் அழைத்துப்போகிறேன் என்றான் மச்சினன். "மீனு கெட்டுப்பூடும்" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனாள்.

வீட்டில் மனைவி கேட்டாள், ஏன் இவ்வளவு நேரம் என்று.

"துணி அவுந்துடுத்துக்கா" என்றான் மச்சினன், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் காபியைக் குடித்தபடி, ஆமாம் என்று தலையாட்டினேன்.